வகுப்பறை, பந்தல், மைதானம்: பெங்களூரு உயர்நிலைப் பள்ளிகளின் எழுதப்படாத பக்கம்

பள்ளிகள் வெளியிடும் நூற்றாண்டு மலர்களுக்கு ஏறக்குறைய ஒரே வார்ப்பு உண்டு. முதற்பக்கத்தில் நிறுவனரின் படம், அதையடுத்துத் தலைமையாசிரியர்களின் வரிசை, பிறகு மாநில அளவில் இடம்பிடித்த மாணவர்கள், வருகை தந்த பெருமக்கள், இறுதியாகப் புகழ்பெற்ற பழைய மாணவர்கள். மைதானம் இம்மலர்களில் தனித்து இடம்பெறுவதில்லை. ஆண்டுவிழாப் புகைப்படத்தின் பின்புறத்தில், வரிசையாக அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்குப் பின்னால், வெறும் மண்வெளியாகத் தெரியும். பெங்களூருவின் உயர்நிலைப் பள்ளிகளைப் பொறுத்தவரை அந்த மண்வெளிதான் வரலாற்றாய்வாளர் முதலில் நுழைய வேண்டிய இடம். அரசு நடத்தினாலும் அறக்கட்டளை நடத்தினாலும், ஒரு பள்ளி அதைச் சூழ்ந்திருக்கும் மக்களுக்கு உரியதாக ஆனது பெரும்பாலும் தன் மைதானத்தின் வழியாகவே. கல்வி, கலை, விளையாட்டு என்று ஆண்டறிக்கைகள் மூன்று தலைப்புகளாகப் பிரித்துவைத்தவை அந்த ஒரே நிலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன.

தொடக்கம் 1858. மைசூர் சமஸ்தானம் அப்போது பிரிட்டிஷ் ஆணையர்களின் நேரடி ஆட்சியில் இருந்தது. 1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து இந்தியா முழுவதும் அரசுப் பள்ளிகள் எழுந்த காலம் அது. பெங்களூருவிலும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. ஜான் காரெட் அதன் முதல்வராக இருந்தார். ‘பெங்களூர் ஹைஸ்கூல்’ என்று தொடங்கிய அது 1875இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த சென்ட்ரல் கல்லூரியாக வளர்ந்தது. விசுவேசுவரய்யா இங்கே பயின்றுதான் பட்டம் பெற்றார். ஓசூர்ப் பள்ளியில் படித்துவிட்டு வந்த இராஜகோபாலாச்சாரி 1894இல் இங்கே பட்டம் பெற்றார். 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை பெங்களூரு மாணவனின் தலைவிதி சென்னையில் அச்சான வினாத்தாளில்தான் இருந்தது என்பதை மறக்கலாகாது. அரசு உயர்நிலைப் பள்ளி என்ற அமைப்பின் முதல் நோக்கம் அலுவலகங்களுக்கு ஆங்கிலம் அறிந்த எழுத்தர்களையும் அதிகாரிகளையும் தருவது. தேர்வு அதன் வாயில். ஆனால் இந்நிறுவனத்தோடு சேர்ந்து வளர்ந்த இன்னொன்று, அதன் மைதானம். மைசூர் அணியின் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்கள் இங்கே நடந்தன. சின்னசாமி விளையாட்டரங்கில் 1974இல் முதல் டெஸ்ட் ஆட்டம் நடைபெறும் காலம்வரை, இந்நகரத்தின் கிரிக்கெட் நினைவில் சென்ட்ரல் கல்லூரி மைதானத்துக்கே முதலிடம். 1858இல் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கென்று தொடங்கியது, ஒரு நூற்றாண்டுக்குப் பின் மாநிலத்தின் ஆடுகளமாக நின்றது.

நகரம் அதுவரை இரண்டு துண்டுகள். மேற்கே கெம்பேகவுடர் 1537இல் நிறுவிய பேட்டையும் அதன் தெற்கிலிருந்த கோட்டையும். கிழக்கே 1809இல் உருவான படைமுகாம், அதாவது இன்றும் பழைய ஆட்கள் வாயில் ‘தண்டு’. 1881இல் உடையார்களிடம் ஆட்சி திரும்பியபோதும் தண்டு பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கையிலேயே இருந்தது. 1947இல்தான் அது சமஸ்தானத்திடம் வந்தது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. பள்ளிகளின் வரலாறும் இந்தப் பிளவின் வழியேதான் ஓடுகிறது.

புறநகரம் என்ற கருத்து பெங்களூருவுக்கு வந்தது மேற்கில்தான். 1892இல் கோட்டைக்கு மேற்கே சாமராஜப்பேட்டை நேர்த்தெருக்களோடு திட்டமிட்டு அமைக்கப்பட்டது. 1898இல் பிளேக் நோய் பேட்டையைச் சூறையாடியபோது, பசவனகுடியும் மல்லேசுவரமும் விரிவடைந்தன. காற்றோட்டம், அகலமான சாலை, வீட்டுக்குப் பின்னால் கழிவு அகற்றும் சந்து, பூங்கா என்பவை இவற்றின் இலக்கணம். அவற்றோடு பள்ளியும் சேர்ந்தது. சாமராஜப்பேட்டையின் விளிம்பில், கோட்டை இருந்த பகுதியை ஒட்டி, இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் எழுந்த அரசுக் கோட்டை உயர்நிலைப் பள்ளி இவ்வகையின் நல்ல எடுத்துக்காட்டு. 1791இல் காரன்வாலிஸின் படை தாக்கிப் பிடித்த கோட்டையின் பெயர், அரசு ஊழியர்களின் பிள்ளைகளும் கடைக்காரர்களின் பிள்ளைகளும் படிக்கும் பள்ளியின் பெயராயிற்று. நெரிசலான பேட்டையில் ஒரு பள்ளிக்கு இத்தகைய திறந்தவெளி கிடைத்திருக்காது. மைதானம் உள்ள பள்ளி என்பது பிளேக் காலத்து நகரத் திட்டத்தின் உபபலன் என்றே சொல்லலாம்.

இந்தப் பள்ளிகள் எதற்காக என்ற கேள்வி 1917–18ஆம் ஆண்டுகளில் கூர்மையடைந்தது. அன்னி பெசன்ட் அடையாற்றிலிருந்து நடத்திய தேசியக் கல்வி இயக்கத்தின் ஒரு கிளையாக 1917இல் பசவனகுடியில் நேஷனல் ஹைஸ்கூல் தொடங்கியது. அவ்வியக்கம் அடையாற்றில் அமைத்த தேசியப் பல்கலைக்கழகத்துக்கு இரவீந்திரநாத் தாகூர் வேந்தர். அரசுத் தேர்வுக்கு மட்டும் மாணவனைத் தயாரிப்பது கல்வியன்று. உடல், கை, கலை, நாட்டுணர்வு அனைத்தும் சேர வேண்டும் என்பது இயக்கத்தின் கொள்கை. சரியாக அடுத்த ஆண்டு, 1918இல், டி.பி. கைலாசம் ‘டொள்ளு கட்டி’ என்ற கன்னட நாடகத்தை எழுதினார். பெயருக்குப் பொருள் உள்ளீடற்றதும் உள்ளீடுள்ளதும். பாடப்புத்தகத்தையும் தேர்வையும் தவிர வேறறியாத புட்டு என்ற மகனும், தேர்வில் சோபிக்காவிட்டாலும் வீட்டாருக்குத் தோள்கொடுக்கும் மாது என்ற மகனும் அதில் எதிரெதிரே நிற்கிறார்கள். கைலாசம் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சாவூர் பரமசிவ ஐயரின் மகன். லண்டனில் நிலவியல் படித்தவர். தேர்வுப் படிப்பில் முழுமையாக வெற்றிபெற்ற ஒருவரே அப்படிப்பை மேடையில் நையாண்டி செய்தார் என்பது கவனத்துக்குரியது. நாடகம் பார்த்துச் சிரித்த பெற்றோர் மறுநாள் தங்கள் பிள்ளைகளை மாதுவாக வளர்க்கத் தொடங்கினார்களா என்றால், அதற்கான தடயம் எதுவுமில்லை.

இக்கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையே வாழ்ந்து காட்டியவர் எச். நரசிம்மய்யா. கௌரிபிதனூர் அருகிலுள்ள சிற்றூரில் 1920இல் பிறந்தவர், ஏழைக் குடும்பம். 1935இல் இரண்டு நாள் நடந்தே பெங்களூரு வந்து நேஷனல் ஹைஸ்கூலில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு காந்தி அப்பள்ளிக்கு வந்தபோது அவருடைய இந்திப் பேச்சைக் கன்னடத்தில் பெயர்த்துச் சொன்னவர் இந்த மாணவரே. இதைப் பெருமைக்குரிய துணுக்காக மட்டும் படிப்பது போதாது. கிராமத்திலிருந்து வந்து ஓராண்டே ஆன ஒரு சிறுவன், ஒரு பெருந்தலைவரின் பேச்சைத் திரண்டிருந்தோர் முன் மொழிபெயர்க்கத் துணியும் அளவுக்கு, ஒரு பள்ளி மாணவனுக்கு மேடையைத் தந்திருக்கிறது என்பதே இதில் செய்தி. 1942இல் சென்ட்ரல் கல்லூரிப் படிப்பை இடையில் விட்டுச் சிறை சென்றார். பிறகு படிப்பை முடித்து 1946இல் நேஷனல் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளரானார். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1972 முதல் 1977 வரை பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். கல்லூரி விடுதியின் ஓர் அறையிலேயே வாழ்ந்து 2005இல் மறைந்தார். அவர் 1962இல் தொடங்கிய பெங்களூரு அறிவியல் மன்றம் வாரந்தோறும் பொதுமக்களுக்கான சொற்பொழிவை நடத்திற்று. நுழைவுக்கட்டணம் இல்லை, மதிப்பெண் இல்லை. வகுப்பறையின் கதவு மாலையில் தெருவை நோக்கித் திறக்கும் என்ற பழக்கம் பசவனகுடியில் இப்படித்தான் நிலைபெற்றது.

கலை பள்ளிக்குள் வந்த வழி இதைவிடச் சுவையானது. பாடத்திட்டத்தில் இசை வகுப்புக்கும் ஓவிய வகுப்புக்கும் வாரத்தில் ஓரிரு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும். கணக்கு ஆசிரியர் பாடத்தை முடிக்கவில்லை என்றால் அதுவும் பறிபோகும். ஆனால் கோட்டை உயர்நிலைப் பள்ளியைப் பொறுத்தவரை கலை வந்தது மைதானத்தின் வழியாக. 1939இல் சாமராஜப்பேட்டையில் எஸ்.வி. நாராயணசாமி ராவ் சிறுவனாக இருந்தபோது தொடங்கிய இராமநவமிக் கொண்டாட்டம், ஸ்ரீ ராமசேவா மண்டலி என்ற பெயரில் வளர்ந்தது. தெருப்பந்தலில் கூட்டம் அடங்காமற்போனபின் அது கோட்டைப் பள்ளி மைதானத்துக்கு இடம்பெயர்ந்தது. தொடர்ந்து ஒரு மாதம் அளவுக்கு, மாலைதோறும் கச்சேரி. செம்மங்குடி சீனிவாச ஐயரும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் பாடிய அதே மேடையில் பீம்சேன் ஜோஷியும் பாடினார். கர்நாடக இசைக்கும் இந்துஸ்தானி இசைக்கும் இடையிலான எல்லைக்கோடு மைசூர் மண்ணில் சென்னையில் உள்ளதைப்போல அழுத்தமாக விழவில்லை. அதற்கு இந்தப் பந்தல் ஒரு சான்று.

இந்த ஏற்பாடு நிலைத்ததற்குக் காரணம் பக்தி மட்டுமன்று, நாட்காட்டியும்தான். இராமநவமி மார்ச்சிலோ ஏப்ரலிலோ வரும். பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கும் காலமும் அதுவே. மைதானம் காலியாக இருக்கிறது. வகுப்பறைகள் கலைஞர்களுக்கும் பாத்திரங்களுக்கும் இடம் தரும். சென்னையின் சபாக்கள் டிசம்பரில் தங்கள் பருவத்தை முடித்துவிடுகின்றன. ஏப்ரல் வெயிலில் சென்னையை விட்டுப் பெங்களூருவுக்குப் புறப்பட எந்த வித்துவானுக்கும் அதிக வற்புறுத்தல் தேவைப்பட்டிருக்காது. பானகம், நீர்மோர், கோசம்பரி. திறந்தவெளிப் பந்தல் என்பதால் ஒலிபெருக்கியின் இசைக்கு மதில் தடையில்லை; சீட்டு வாங்காதவனும் சாலையோரத்தில் நின்று கேட்கலாம். காலையில் அந்த மண்ணில் பந்து விரட்டிய பையன் மாலையில் அதே இடத்தில் தோடியைக் கேட்டான் என்பது கற்பனை நயத்துக்காகச் சொல்லப்படுவதன்று. ஒரே நிலத்தின் அன்றாடப் பயன்பாடு அது. சபா என்ற அமைப்பு உறுப்பினர் சந்தாவில் நிற்பது. பள்ளி மைதானத்துப் பந்தலுக்கும் நன்கொடையும் சீட்டும் வேண்டும். ஆனால் அது நிற்கும் நிலம் பொதுநிலம். இசைச் சமூகவியல் ஆய்வுகள் சாதியையும் ரசனையையும் பேசும் அளவுக்கு இடத்தைப் பேசுவதில்லை.

விளையாட்டுக்கு வருவோம். பழைய பள்ளிகளில் அது ‘டிரில்’. கட்டளைக்கு ஏற்பக் கைகால் அசைத்தல். படைவீரனாக இருந்து ஓய்வுபெற்றவரே பல இடங்களில் டிரில் மாஸ்டர். 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, தென்னிந்தியப் பள்ளிகளுக்குப் பயிற்சிபெற்ற உடற்கல்வி ஆசிரியர்களை அனுப்பத் தொடங்கியதும் நிலைமை மாறிற்று. டிரிலோடு ஆட்டமும் சேர்ந்தது: கைப்பந்து, கூடைப்பந்து, சடுகுடு, கோ-கோ, தென்னகத்துக்கே உரிய பூப்பந்து. இவற்றுக்கு வேண்டியது கொஞ்சம் மண்ணும் சுண்ணாம்புக் கோடும்தான்.

மேற்குப் பெங்களூருவில் ஓங்கியது கிரிக்கெட். அது படிப்போடு பகைக்காமல் வளர்ந்ததுதான் இவ்வூரின் தனித்தன்மை. ஈ.ஏ.எஸ். பிரசன்னா 1962இல் இந்திய அணியில் முதல் டெஸ்ட் ஆடி, அதே ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்று வந்தவர்; அதன்பின் பொறியியல் பட்டத்தை முடிப்பதற்காகச் சில ஆண்டுகள் பன்னாட்டு ஆட்டத்திலிருந்தே விலகினார். பட்டத்தோடு திரும்பி வந்து, 1973–74இல் கர்நாடகம் முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அணித்தலைவராக இருந்தார். தொடர்ந்து 15 ஆண்டுகள் கோப்பையைக் கைவிடாத பம்பாய், அந்த ஆண்டு அரையிறுதியில் பெங்களூருவில் வீழ்ந்தது. நேஷனல் ஹைஸ்கூல் மாணவரான அனில் கும்ப்ளே எந்திரப் பொறியியல் பட்டமும் 619 டெஸ்ட் விக்கெட்டுகளும் எடுத்தார். ஜவகல் ஸ்ரீநாத்தும் பொறியாளரே. புட்டுவும் மாதுவும் ஒரே ஆளில் கூடிய இத்தோற்றத்தைப் பெங்களூரு நடுத்தர வர்க்கம் தன் இலட்சியப் படமாகவே வைத்துக்கொண்டது. அந்தப் படத்துக்கு ஒரு விலை இருந்தது. அதைச் செலுத்த முடிந்த குடும்பங்கள் எவை என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படவில்லை. காலையில் வலைப்பயிற்சி, பகலில் வகுப்பு, மாலையில் மீண்டும் பயிற்சி என்று ஒரு பையன் இருக்க வேண்டுமானால், அவன் சம்பாத்தியத்தை வீடு எதிர்பார்க்காமல் இருக்க வேண்டும்.

கேள்வியின் மறுபக்கம் தண்டில் இருக்கிறது. சென்னைப் படையைத் தொடர்ந்து வந்த தமிழர்கள், அதாவது சிப்பாய்கள், சமையற்காரர்கள், குதிரைக்காரர்கள், கொத்தனார்கள், வணிகர்கள், அல்சூரையும் அதைச் சூழ்ந்த குடியிருப்புகளையும் நிறைத்தனர். ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் வசதியுள்ளோருக்கும் செயின்ட் ஜோசப், பிஷப் காட்டன் முதலிய பள்ளிகள் 1850களின் இறுதியிலும் 1860களிலும் எழுந்துவிட்டன. ஏழைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று 1873இல் இலவசப் பள்ளி தொடங்கியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். எளிய நிலையிலிருந்து வணிகத்தில் உயர்ந்தவர். இன்று உயர்நீதிமன்றம் இயங்கும் அட்டார கச்சேரிக் கட்டடத்தை 1860களில் கட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரரும் அவரே. ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்ற நீண்ட பெயரின் ஆங்கில முதலெழுத்துகளே ஆர்.பி.ஏ.என்.எம். பள்ளியின் பெயர். அல்சூர் ஏரிப்பக்கம், கங்காதரச் செட்டி சாலையில் உள்ள அந்த அறக்கட்டளையின் மைதானம், தண்டுப் பகுதித் தமிழருக்குப் பள்ளிச் சொத்து மட்டுமன்று. ஆட்டமும் கூட்டமும் கண்காட்சியும் நடக்கும் பொதுவெளி. நகரத்தின் நீதிபதிகள் அமரும் செந்நிறக் கட்டடம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதைக் கட்டியவர் கூலியாட்களின் பிள்ளைகளுக்குத் திறந்த பள்ளி, நகர வரலாறுகளில் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது.

தண்டின் ஆட்டம் கால்பந்து. படைப்பிரிவுகள் ஆடியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகள் காலணியின்றி ஆடத் தொடங்கினர். 1946–47இல் மைசூர் அணி சந்தோஷ் கோப்பையை வென்றது. பின்னர் 1952–53, 1967–68, 1968–69 ஆண்டுகளிலும் வென்றது. 1948ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் பெங்களூருவைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் தவறவிட்ட இந்தியா அன்று 1–2 என்று தோற்றது. அணியில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடியதைத்தான் உலகப் பத்திரிகைகள் எழுதின. அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் இன்று பெலேயின் சிலை நிற்கிறது. ஒரு தமிழ்க் குடியிருப்பு தன் தெருமுனையில் பிரேசில் நாட்டு வீரனுக்குச் சிலை வைத்ததன் பின்னே மூன்று தலைமுறைக் கால்பந்து இருக்கிறது.

இங்கே ஆட்டத்துக்கும் படிப்புக்கும் இருந்த உறவு வேறு. மேற்கின் கிரிக்கெட் பையனுக்குப் பட்டம் காப்புறுதி. ஆட்டம் அதற்குமேல் கிடைக்கும் புகழ். கிழக்கின் கால்பந்துப் பையனுக்கு ஆட்டமே காப்புறுதி. 1940இல் தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1948இல் தொடங்கிய ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலை முதலிய பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் அணிகளுக்கு ஆட்டக்காரர்களைச் சேர்த்தன. அணியில் இடம் கிடைத்தவனுக்கு நிரந்தர வேலை, தொழிற்சாலைக் குடியிருப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளி. எஸ்.எஸ்.எல்.சி. தேறாத ஒருவனை ஆலையின் வாயில்வரை கொண்டுசேர்க்கக்கூடிய ஒரே சான்றிதழ் அவனுடைய காலில் இருந்தது. ஆகவே உயர்நிலைப் பள்ளியின் மைதானம் பசவனகுடியில் பாடத்துக்குத் துணை, அல்சூரில் பாடத்துக்கு மாற்று. ஒரே சொல்லால் இரண்டையும் ‘பள்ளி விளையாட்டு’ என்று குறிப்பது சாதியையும் வர்க்கத்தையும் ஒருசேர மறைத்துவிடும். 1990களுக்குப் பின் பொதுத்துறை வேலைவாய்ப்பு சுருங்கியபோது முதலில் அடைபட்டது இந்தக் கிழக்கு வழிதான். மேற்கு வழியோ, பொறியியல் பட்டத்தின் வழியே மென்பொருள் நிறுவனங்களுக்கு இன்னும் அகலமாயிற்று.

இவ்வளவும் பையன்களின் வரலாறு. பெண்களுக்குப் பள்ளி இருந்தது. சாமராஜேந்திர உடையாரின் அரசி வாணிவிலாச சன்னிதானத்தின் பெயரால் கோட்டைப் பகுதியிலேயே பெண்கள் கல்விநிலையம் இருந்தது. ஆனால் பந்தலும் மைதானமும் வளர்ந்த அளவில் அவர்களுடைய ஆடுவெளி வளரவில்லை. 1976இல் இந்தியப் பெண்கள் அணி தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தைப் பெங்களூருவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆடியபோது அணித்தலைவர் சாந்தா ரங்கசாமி. சென்னையில் பிறந்து பெங்களூருவில் வளர்ந்த அவரை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தவை சாஃப்ட்பாலும் மன்றமும். பள்ளிக்குள் இடமில்லாத ஆட்டம் வேறிடம் தேடுவது இவ்வூரில் புதிதன்று. 1980இல் ஆல் இங்கிலாந்துப் பட்டம் வென்ற பிரகாஷ் படுகோன் இறகுப்பந்து கற்றது மல்லேசுவரத்துக் கனரா யூனியன் மண்டபத்தில். அது திருமணங்களுக்கு வாடகைக்கு விடப்படும் மண்டபம். முகூர்த்த நாள்களில் பயிற்சி கிடையாது.

மைதானத்தில் மதிப்பெண் கேட்காத ஒன்று வகுப்பறையில் மதிப்பெண்ணாக வந்தது: மொழி. சமஸ்கிருதத்தை முதல் மொழியாக எடுத்து, கன்னடம் படிக்காமலேயே உயர்நிலைப் பள்ளியை முடிக்கலாம் என்றிருந்த நிலை 1970களின் இறுதியில் எதிர்ப்பைக் கிளப்பியது. 1980இல் அமைக்கப்பட்ட வி.கே. கோகாக் குழு, உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே 150 மதிப்பெண் கொண்ட ஒரே முதல் மொழியாக இருக்க வேண்டும் என்று அடுத்த ஆண்டு பரிந்துரைத்தது. 1982இல் நடிகர் ராஜ்குமார் தலைமையில் மாநிலமே கொதித்தது. அக்கோரிக்கையின் நியாயத்தைத் தமிழர்கள் புரிந்துகொள்வது கடினமன்று. தாய்மொழி படிக்காமல் பட்டம்வரை போகும் நிலையைத் தமிழகமும் அறியும். ஆனால் அல்சூரின் தமிழ்ப்பிள்ளைக்கும், சிவாஜிநகரின் உருதுப்பிள்ளைக்கும் அந்த 150 மதிப்பெண் வேறொரு கணக்கு. ஆங்கிலத்துக்கு எதிராக எழுந்த கோபத்தின் சுமையைச் சிறுபான்மை மொழியினரின் தாய்மொழி வகுப்புகள் சுமந்தன. வழக்குகள் தொடர்ந்தன. 1982 ஆணையின் முக்கியப் பகுதிகளை 1989இல் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. பயிற்றுமொழி பற்றிய நீண்ட வழக்கில் 2014ஆம் ஆண்டு மே 6 அன்று உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, தொடக்கப் பள்ளியில் தாய்மொழி வழிக் கல்வியை அரசு கட்டாயமாக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பால் கன்னட வழியோ தமிழ் வழியோ வலுப்பெறவில்லை. ஆங்கில வழித் தனியார் பள்ளிகளுக்கே பாதை திறந்தது. நாற்பதாண்டு மொழிப்போரில் இருதரப்பும் இழந்தது ஒரே பொருளைத்தான்: தாய்மொழியில் நடக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியை.

அப்பள்ளிகளில் மாணவர் குறையக் குறைய, மைதானம் மட்டும் அதே அளவில் நிற்கிறது, மதிப்போ பன்மடங்கு. நகர நடுவில் ஒரு திறந்தவெளி என்றால் வாகன நிறுத்தம், கண்காட்சி, கூட்டம், கட்டடம் என்று எல்லாருக்கும் அது தேவைப்படுகிறது. பூங்காக்கள், ஆடுகளங்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1985ஆம் ஆண்டுக் கர்நாடகச் சட்டம் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. எவ்வளவு பரப்பு என்று சொல்வதில்லை. மாடிக் கட்டடத்தில் இயங்கும் தனியார் பள்ளி கான்கிரீட் முற்றத்தைக் காட்டி அந்த வரியை நிறைவு செய்துவிட முடியும். கோட்டைப் பள்ளியில் இருப்பதுபோன்ற ஒரு மண்வெளியை இனி எந்தப் புதிய பள்ளியும் இந்நகரத்தில் உருவாக்க முடியாது.

இவ்வரலாற்றை எழுத முனையும் மாணவர் கல்வித் துறையின் ஆண்டறிக்கைகளோடு நின்றுவிட்டால் வகுப்பறை மட்டுமே கிடைக்கும். மண்டலியின் பழைய அழைப்பிதழ்கள், மன்றங்களின் ஸ்கோர் புத்தகங்கள், தொழிற்சாலை அணிகளின் ஆளெடுப்புப் பதிவுகள், மைதானத்தை வாடகைக்குக் கேட்டு வந்த மனுக்களும் அவற்றின் ஓரத்தில் தலைமையாசிரியர்கள் எழுதிய குறிப்புகளும் இணையான ஆவணங்கள். தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் நான்கிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. பள்ளிகள் இணைக்கப்படும்போதும் இடம் மாறும்போதும் முதலில் பழைய காகிதக் கடைக்குப் போவது மனுக்கட்டுகள்தான்.